அம்சவல்லி வீட்டுப் பூட்டு

ஜவ்வாது மலையில், வேங்கமரத்தூர் வளைவில் வண்டியை நிறுத்தினால் முதலில் காதில் விழுவது ஏணிப்பாறை அருவியின் சத்தம் என்று நினைப்பீர்கள். இல்லை. அம்சவல்லியின் சத்தம்தான். “வண்டிய ஓரமாப் போடு! ஆடு வர்றதுக்கு வழி வேணாமா? ஆடு இன்னா பறந்தா போவும்?” பெரிய காரில் வந்தவர், சின்னக் காரில் வந்தவர் என்ற வித்தியாசமெல்லாம் அவளிடம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவுத் திட்டு. திட்டிய வாய் மூடுவதற்குள் கை தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிடும்.

நான் கண்ணமங்கலத்துக்காரன். பெயர் சுப்பிரமணி. சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கிரிவலம் என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. யாரோ ஒரு புண்ணியவான் ஏணிப்பாறை அருவியைச் செல்போனில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிவிட்டான். அன்றிலிருந்து என் வண்டி சனி, ஞாயிறு தவறாமல் மலை ஏறுகிறது. வேலூர், ஆரணி, சென்னை என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்கள் வந்தால்தான் என் வீட்டு அடுப்பு எரியும். ஆகவே அவர்களைப் பற்றி நான் முணுமுணுத்தால் உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அம்சவல்லியின் கடை என்பது நாலு கம்பம், மேலே தகரம். ஒட்டினாற்போல அவள் வீடு. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, புளித் துவையல். முன்கூட்டியே சொன்னால் நாட்டுக்கோழி. சாமை அவள் கொல்லையில் விளைந்தது. சமைப்பது அவள் புருஷன் பூவரசன். இந்த இரண்டாவது விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். சாப்பிட்டவர்கள் “அக்கா, உங்க கைப்பக்குவமே தனி” என்றால் கூச்சமே இல்லாமல் தலையாட்டி வாங்கிக்கொள்வாள். உள்ளே பூவரசன் அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் மலை இறங்கி ஏறிவிடலாம்.

அந்த மலையில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். ஒரு பிடி அவரைக்கொட்டை, ரெண்டு சீத்தாப்பழம், ஒரு உருண்டை புளி, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. பழைய சேலைத் துண்டில் முடிந்து கையில் கொடுத்துத்தான் வழியனுப்புவார்கள். வேண்டாம் என்று மறுத்தால் அந்த வீட்டோடு உறவே வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். கடை போட்ட பிறகும் அம்சவல்லி இதை விடவில்லை.

“காசு குடுத்துத் துன்றவங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“காசு சோத்துக்குண்ணே. இது அவங்க வந்ததுக்கு” என்றாள்.

அந்த வீட்டுக் கதவுக்கு மேலே, கூரை எறவானத்தில் ஒரு பித்தளைப் பூட்டு செருகியிருக்கும். உள்ளங்கை அகலம், கறுத்துப்போனது. கதவில் போடாமல் அதை எதற்கு அங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு அம்சவல்லி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டாள். பூவரசன்தான் பிறகு ஒருநாள், வண்டி டயர் மாற்ற எனக்குக் கைகொடுத்தபோது, துண்டு துண்டாகச் சொன்னான்.

அருவிக்கு ஆள் வராத காலத்தில், சாமை அறுத்துக் கார்த்திகை பிறந்ததும் வேங்கமரத்தூரில் பாதி வீடுகளில் பூட்டு விழும். கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி லாரியோடு வருவார். கர்நாடகத்துக் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கப் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், சட்டி பானை, கோழி வரைக்கும் ஏறிக்கொள்வார்கள். மாசி முடிந்துதான் திரும்புவார்கள். அம்சவல்லியின் ஒரே மகள் தமிழரசி சின்ன வகுப்புகளில் மார்கழியில் வருகிற அரைப் பரீட்சை என்ற ஒன்றை எழுதியதே இல்லை. ஒரு வருடம் அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால், பெண் புத்தகப் பையில் புளியங்கொட்டையை நிரப்பிக்கொண்டு அந்த வீட்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று அம்சவல்லி அழுத அழுகையை அதற்கு முன்னும் பின்னும் தான் பார்த்ததில்லை என்று பூவரசன் சொன்னான்.

கடை வந்தது, பூட்டு எறவானத்துக்குப் போனது. தமிழரசி ஒரு நாள் நிற்காமல் படித்துப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். காலையில் அவள் பஸ் ஏறும்போது கடையில் யார் இருந்தாலும் அம்சவல்லி கரண்டியைப் போட்டுவிட்டு ரோட்டில் போய் நிற்பாள். பஸ் வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் யாருக்கும் குழம்பு கிடைக்காது.

ஒருமுறை திருவண்ணாமலையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவை அழைத்துப் போனேன். ஸ்பெயின் நாட்டில் ஏதோ ஒரு தீவு. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். சாமைச் சோற்றைக் கையால் பிசைந்து, புளித் துவையலுக்குக் கண்ணீர் விட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கண்ணிலும் அந்தப் பூட்டு பட்டது. தமிழரசி பாதி இங்கிலீஷிலும் பாதிக் கையாலும் கதையைச் சொன்னாள். அந்த அம்மா எழுந்து போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

“இன்னாடி சொல்றாங்க?” என்றாள் அம்சவல்லி.

“அவங்க ஊர்ல தலைகீழாம்மா. டூரிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி எந்த வூட்டுக்கும் பூட்டே இல்லியாம். இப்போ வூட்ட எல்லாம் வர்றவங்களுக்கு வாடகைக்கு வுட்டுட்டாங்களாம். ஊர்க்காரங்களுக்கு வூடு கெடைக்கலையாம். அவங்க பொண்ணுகூட வேற ஊருக்குப் போய்ட்டாளாம். சீசன் முடிஞ்சா தெருவே பூட்டிக் கெடக்குமாம்.”

அம்சவல்லி நம்பவில்லை. “நீ ஒழுங்கா இங்கிலீசு படிக்கல. இன்னொரு தாட்டி கேளு” என்றாள். தமிழரசி கேட்டாள். அதே பதில்தான் வந்தது. ஆள் வந்ததால் பூட்டு விழுந்த ஊரும் உலகத்தில் உண்டு என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. கிளம்பும்போது அந்த அம்மாவின் கையில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு அவரைக்கொட்டையை முடிந்து கொடுத்தாள். வண்டி நகர்ந்த பிறகும் கன்னத்தில் கைவைத்து நின்றுகொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

இனி நான் சொல்லப்போவது அம்சவல்லியின் சுத்தத்தைப் பற்றி. மனுஷிக்குச் சுத்தம் ஒரு வெறி. அருவிக்கு வருகிறவர்கள் சாப்பிடுவதற்கு முன்பே போட ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், பிரியாணி டப்பா, டீக் கப்பு. மற்ற கடைகள் பக்கம் அது காற்றில் பறந்து பள்ளத்தில் விழும். அம்சவல்லி கடைப் பக்கம் மாலையில் ஒரு துரும்பு கிடக்காது. வளைவிலிருந்து அருவி இறங்குகிற படி வரைக்கும் கூட்டி எடுத்துவிடுவாள். பார்வையிட வந்த ஒரு அதிகாரி, மலையிலேயே இதுதான் சுத்தமான கடை என்று அவளைத் துடைப்பத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கூட்டியதெல்லாம் எங்கே போனது? வீட்டுக்குப் பின்னால் எருக்குழிக்குத்தான் போனது. வேறெங்கே போகும்? மலையில் கூட்டுவது எதுவும் வீண் கிடையாது. சாணி, சாம்பல், சருகு, சாமைத் தவிடு, கோழி எச்சம், தேய்ந்த துடைப்பம், கிழிந்த பாய் எல்லாம் குழிக்குள் போய்க் கறுப்பு மண்ணாகித் திரும்பி வரும். அந்தக் குழி இதுவரை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பிளாஸ்டிக் மக்காது என்பது அம்சவல்லிக்குத் தெரியாதா? ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. தமிழரசியும் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் சுவரில் எழுதியது, இது அவள் வீட்டுக் குழி. தன் பிள்ளை மட்டும் பரீட்சையில் தோற்காது என்று தாய் நம்புகிற மாதிரி அவள் அந்தக் குழியை நம்பியிருந்தாள்.

கடை வேலை பிடித்துக்கொண்டதால் சில வருடங்களாகக் குழியை வெட்டவில்லை. கொல்லையில் ஆட்டுக்கிடை போட்டே சமாளித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வைகாசியில் குழி விளிம்பு தட்டிவிட்டது. வெட்டினார்கள். மண்ணோடு பாட்டிலும் கவரும் வந்தன. பெரிதாகக் கையில் பட்டதையெல்லாம் ஓரமாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, “சின்னதுங்க கெடக்கட்டும்யா. ரெண்டு மழை பேஞ்சா தானா மக்கிடும்” என்றாள் அம்சவல்லி. பூவரசன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். எருவைக் கொல்லை முழுக்க இறைத்தார்கள். ஆனி மழையில் சாமை விதைத்தார்கள்.

ஆடியில் நான் போன ஒரு சனிக்கிழமை, கடையில் அவள் சத்தம் கேட்கவில்லை. என்னோடு வந்தவர்களை அருவிப் பக்கம் அனுப்பிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். மேல்பாதியில் சாமை பச்சைப்பசேலென்று நின்றது. கீழ்ப்பாதி சொறி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஒரு வெறும் திட்டில் விரலைவிட்டுத் தோண்டினாள். ஒரு அங்குலத்துக்குக் கீழே மெல்லிய கவர் ஒன்று விரிந்து கிடந்தது. அதன்மேல் தண்ணீர் தேங்கி, விதை அழுகிப் போயிருந்தது. கவருக்கு அடியில் மண் காய்ந்துபோய்க் கிடந்தது. இழுத்தாள். அதன் பின்னாலேயே ஒரு சிப்ஸ் பாக்கெட் வந்தது. சேலையில் துடைத்துப் பார்த்தாள். சிவப்பும் மஞ்சளும் பளபளவென்று மின்னின.

“இது கட போட்ட புதுசுல வந்த பாக்கெட்டுண்ணே. இப்ப இந்த மாதிரி வர்றதே இல்ல. பாருங்க, நேத்து வாங்கினது மாதிரி கீது.”

என் வண்டியில் வந்த பாக்கெட்டாகவும் இருக்கலாம். அவள் அடுத்த திட்டைத் தோண்டினாள், அதற்கடுத்ததைத் தோண்டினாள். எங்கே தோண்டினாலும் ஏதாவது ஒன்று வந்தது. ஊரையே கூட்டிச் சுத்தம் செய்தவள், எல்லாவற்றையும் கொண்டுவந்து தன் கொல்லைக்குள்ளேயே கொட்டியிருக்கிறாள்.

எழுந்து போய்க் கடையில் இருந்த சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். “இந்தக் கடதான் என் கொல்லையத் துன்னுடுச்சு. இனிமே கட கெடையாது” என்றாள்.

அப்போதுதான் பூவரசன் வாய் திறந்தான். “கட இல்லன்னா காபிக்குத்தான் போவணும். பாதிக் கொல்லைல வர்ற சாமை தை வரைக்கும்கூட வராது.”

அம்சவல்லி அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே எட்டிப்பார்த்தாள். தமிழரசி அங்கே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வாரம் நான் ஆரணியிலிருந்து ஒரு வண்டி நிறையக் குடும்பங்களோடு போய் இறங்கினேன். கடை திறந்திருக்கும், கோபம் ஆறியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பானை கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருந்தது. வாசலில் பூவரசன் குந்தியிருந்து அந்தப் பித்தளைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மேஸ்திரி போன் செய்தாராம். கார்த்திகைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்றாராம். பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தார்கள். எனக்கும் பசி. பசி வந்தால் எனக்குப் பத்தும் பறந்துபோகும்.

“இன்னா தங்கச்சி இது? இத்தினி பேர இட்டுனு வந்திருக்கேன், பானையக் கவுத்து வெச்சிருக்கியே!”

“இட்டுனு போங்க. கொட்றதுக்கு வேற மலை பாருங்க.”

“பொண்ணு படிப்பப் பாக்க வேணாமா? இந்த வருசம் போனா பரீட்சை போச்சு.”

“படிப்பு இல்லாம கொல்லைய வெச்சினு பொழச்சிடலாம். கொல்ல போச்சுன்னா படிச்சும் இன்னாத்துக்கு? எங்க வந்து நிப்பா?” சொல்லிவிட்டாளே தவிர, முகம் கோணிப்போயிற்று.

சமாதானமாகப் பேசலாம் என்று என் தம்பி கதையை இழுத்தேன். “என் தம்பி அசோக்குமார் மாலத்தீவுல ஓட்டல்ல வேல செய்றான். அங்க குப்பைய எல்லாம் படகுல ஏத்தி, குப்பைக்குன்னே கீற தனித் தீவுக்கு அனுப்பிடுவாங்களாம். ஓட்டல் தீவு பளிச்சுனு இருக்குமாம். இங்கியும் அப்படி எங்கனா ஒரு பள்ளத்துல...”

“அந்தக் குப்பைத் தீவுல யாருண்ணே கீறாங்க?”

நான் தம்பியை அதைக் கேட்டதே இல்லை. பிறகு கேட்டேன். பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள், கூலி வேலை, என்றான். காபித் தோட்டத்துக்கு லாரி ஏறுகிற மாதிரி அவர்களும் எங்கேயோ ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள்தானே.

அன்று அதற்கு மேல் பேசப் பிடிக்காமல் எல்லோரையும் வண்டியில் ஏற்றினேன். அவ்வளவு கோபத்திலும் அம்சவல்லி ஓடிவந்தாள். சோறு போடவில்லை, ஆனாலும் வந்தவன் வெறுங்கையோடு போகக்கூடாதாம். ஒரு முடிச்சு அவரைக்கொட்டையை என் பக்கத்து ஜன்னல் வழியாக மடியில் போட்டாள். எனக்கு வந்ததே கோபம்.

“இத்த மட்டும் இன்னாத்துக்குக் குடுக்கற? அந்தக் குப்பையையும் மூட்ட கட்டிக் குடு. தலைல வெச்சினு போறேன்!”

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் செய்த இடம் இதுதான்.

வாரத்தின் நடுவில் போன் வந்தது. “அண்ணே, சனிக்கெழமை ஆளுங்கள இட்டுனு வாங்க. கட தொறக்கறேன்.” குரலில் பழைய தெம்பு இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலூரில் ஒரு கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பத் தயாராக இருந்தார்கள். அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். போன வருடத்துச் சாமை தானியத் தொம்பையில் இருந்திருக்கிறது. பூவரசன் வஞ்சனை இல்லாமல் சமைத்திருந்தான். ஆனால் அம்சவல்லி அன்று யாரையும் திட்டவில்லை. யார் என்ன தின்றார்கள், எதை எங்கே போட்டார்கள் என்று அமைதியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கிளம்பும் நேரத்தில் வண்டி வாசலில் வந்து நின்றாள். கையில் ஆளுக்கொரு முடிச்சு, பழைய சேலைத் துண்டில் கட்டியது. நீலச் சட்டை போட்ட ஒருவர் ஆசையாக வாங்கினார். தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிரித்தார். மேலே ஒரு பிடி அவரைக்கொட்டை. கீழே அவருடைய தண்ணீர் பாட்டில் நசுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் மகன் தின்ற சிப்ஸ் பாக்கெட்டும், பிரியாணி டப்பாவும் கூட இருந்தன.

“என்னங்க இது? குப்பையைக் கையில குடுக்கறீங்க?”

“எங்க ஊர்ப் பழக்கம் சார். வூட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பமாட்டோம். நீங்க கொண்டாந்தத மறந்து வுட்டுட்டுப் போறீங்க. அதான் எடுத்து வெச்சேன். மேல அவரைக்கொட்ட கீது, வூட்ல அக்காகிட்ட குடுங்க. கொழம்பு வெச்சா நல்லா இருக்கும்.”

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீலச் சட்டைக்காரர் முடிச்சைத் திரும்பக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். மறுக்க முடியாதே, மேலே அவரைக்கொட்டை இருக்கிறதே!

நானும் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பப் போனேன். “டிரைவரண்ணே, இருங்க. உங்களுக்கும் கீது” என்றாள். பூவரசன் ஒரு கோணிமூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். எருக்குழி வெட்டும்போது ஓரமாகப் பொறுக்கிப் போட்ட குப்பை. “தலைல வெச்சினு போறேன்னீங்களே. தலை வேணாம், டிக்கில வைங்க.” மூட்டையின் வாயில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை செருகியிருந்தது.

நாறிப்போய் ஊர் வந்து சேர்ந்தேன். பாட்டில்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். மற்றதை எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியில் போட்டு, அதில் வரும் துப்புரவு அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கிருந்து அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்திலும் யாரோ ஒருவர் கொல்லை ஓரமாகத்தான் போகும் என்று நினைத்தால் உறுத்துகிறது. அதனால் இப்போதெல்லாம் வண்டி ஏறும்போதே சொல்லிவிடுகிறேன்: பாட்டில் வேண்டாம், மேலே சொம்புத் தண்ணீர் இருக்கிறது. சிலர் கேட்கிறார்கள். சிலர் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆவணி முழுக்க அவர்கள் கீழ்ப்பாதிக் கொல்லையைச் சலித்தார்கள். அம்சவல்லி முறத்தில் மண்ணை அள்ளுவாள், பூவரசன் சல்லடையை ஆட்டுவான், தமிழரசி பள்ளிக்கூடம் விட்டு வந்து பொறுக்குவாள். ஓட்டம் இல்லாத ஒரு நாளில் நானும் போய்ப் பொறுக்கினேன். இடுப்பு விட்டுப்போனது. அரைக்காணி மண்ணைக் கையால் சலிப்பது என்பது பிழைப்பற்றவர்கள் செய்கிற வேலை என்று நான் சொன்னதற்கு, “பொழப்பு வேணும்னுதாண்ணே செய்றோம்” என்றாள். புரட்டாசியில் அந்த இடத்தில் கொள்ளு விதைத்தார்கள்.

ஆனால் கடைக்குக் கூட்டம் குறைந்துபோயிற்று. குப்பையைக் கட்டிக் கொடுக்கிற கடை என்று பேர் வந்துவிட்டது. சில வண்டிகள் வளைவில் நிற்காமல் மேலே போய்விட்டன. சில சனிக்கிழமைகளில் என் வண்டியைத் தவிர வேறு வண்டி இல்லை. பூவரசன் பூட்டை எறவானத்தில் திரும்ப வைக்கவில்லை, வாசற்படி ஓரத்திலேயே வைத்திருந்தான். ஐப்பசியில் ஒருநாள் நீலச் சட்டைக்காரர் சொந்தக் காரில் தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். கையில் துணிப்பை, எவர்சில்வர் சொம்பு. “அக்கா, என்கிட்ட ஒன்னுமே இல்ல, தேடிப் பாருங்க” என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். போதுமா, போதாதா என்று யாராலும் சொல்ல முடியாத அளவுக்கு வந்தார்கள். பூட்டு வாசற்படியிலேயே இருந்தது.

கார்த்திகை பிறந்தது. லாரி வருகிற வாரம் என்று எனக்குத் தெரியும். சவாரி எதுவும் இல்லாமலே வெறும் வண்டியை மேலே ஓட்டினேன். டீசலுக்கு என் மனைவியிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. வளைவு திரும்பினால், லாரி நிற்கிறது. மேலே ஏற்கனவே ஐந்தாறு பேர் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடையில் யாரும் இல்லை. அம்சவல்லியின் வீட்டு எறவானத்தில் பூட்டு இல்லை. வாசற்படியிலும் இல்லை. இறங்கி நடந்தேன்.

“லாரிய ஓரமாப் போடுன்னு எத்தினி தாட்டி சொல்றது? ஆடு இன்னா பறந்தா போவும்?”

சத்தம் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஓடினேன். எருக்குழியைச் சுற்றிப் பூவரசன் மூங்கிலில் வேலி கட்டியிருந்தான். நுழைகிற இடத்தில் ஒரு படல், படலில் சங்கிலி. அந்தச் சங்கிலியில் எண்ணெய் மினுமினுக்க அந்தப் பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி அம்சவல்லியின் முந்தானையில் இருந்தது.

“இன்னாண்ணே அப்படிப் பாக்கறீங்க? குழியப் பாத்தா போறவன் வர்றவனுக்குக் கை சும்மா இருக்கமாட்டேங்குது. எதனா ஒன்ன வீசிட்டுப் போறான். அதான் பூட்டிட்டேன்.”

“அப்ப வூட்டுக்கு?”

“வூட்டுக்கு இன்னாத்துக்குப் பூட்டு? ஆளுங்க கீறோமில்ல.”

முன்பக்கம் வந்தோம். மேஸ்திரி கொஞ்சம் தயங்கி நின்றார். அம்சவல்லி உள்ளே போய் நாலு சீத்தாப்பழத்தைச் சேலைத் துண்டில் முடிந்து அவர் கையில் கொடுத்தாள். ஆளைக் கூட்டிப்போக வந்தவர் பழத்தைக் கூட்டிக்கொண்டு லாரி ஏறினார். மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று தூக்கிப் போட்டாள். லாரி வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் ரோட்டில் நின்றாள். அதில் போகிறவர்கள் அவள் ஊர்க்காரர்கள்.

எனக்குச் சத்தமாக ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. “ஏம்மா, நான் வந்து எத்தினி நேரமாச்சு, ஒரு வாய் சோறு...” என்று ஆரம்பித்தேன்.

“மெதுவாப் பேசுங்கண்ணே” என்று என்னை அதட்டினாள் அம்சவல்லி, மலையையே எழுப்புகிற அந்த அம்சவல்லி. உள்ளே, அகலத் திறந்த கதவுக்குப் பின்னால், தமிழரசி அரைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.